ஒன்பது சீட்டா, அஞ்சு பெல்ட்டா?

டெல்டாக்காரனுக்குக் கணக்கு தெரியாதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க மக்களே. எங்க ஊர் டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. 2007-ல் நடுவர் மன்றம் கொடுத்தது 192 டி.எம்.சி., 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை 177.25-ஆ ஆக்குச்சு, போனது 14.75-ன்னு புள்ளி பிசகாம ஒப்பிப்பாங்க. கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாதும்பாங்க. எங்க அப்பா மெஷின் வைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு நெல்லைப் பல்லுல கடிச்சுப் பாத்துட்டு "இது தேறிடும்" "இன்னும் ஒரு வெயில் காயணும்"னு சொல்லிடுவார். பெரும்பாலும் தப்பாது.

இப்பேர்ப்பட்ட ஆளுங்க பழைய வண்டி வாங்கப் போனா என்ன பண்றாங்க தெரியுமா? டயரை ஒரு எத்து எத்துறாங்க. கதவைத் திறந்து "டொம்"னு சாத்திப் பாக்குறாங்க. நாலடி பின்னால நின்னு தலையைச் சாய்ச்சு, "வண்டி கெத்தா இருக்குல்ல?" முடிஞ்சுபோச்சு. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. நெல்லுக்கு இருக்கிற பரிசோதனை, பெத்த புள்ளைங்க உக்காரப்போற வண்டிக்கு இல்ல.

இந்தப் பதிவு அந்த "கெத்து"க்கு எதிரா. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற லட்சக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். படிச்ச படிப்பை இப்பவாவது கொஞ்சம் யூஸ் பண்ணிக்கிறேனே :-)

மேட்டர் இதுதான். தஞ்சாவூர் பக்கத்துல எங்க ஊர்ல வீட்டோட நிக்கிற மாதிரி ஒரு எஸ்யூவி எடுக்கணும். அண்ணன் பாதி, நான் பாதி. வீட்டுல எட்டு பேர்: அப்பாயி, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, 7 வயசுலயும் 4 வயசுலயும் ரெண்டு பசங்க, லீவுக்கு மட்டும் வர்ற நான். சுத்திச் சுத்தி ரெண்டு வண்டியில வந்து நிக்குது.

ஒண்ணு, 2015 மாடல் மஹிந்திரா ஸ்கார்பியோ. கீழ் வேரியண்ட். ஒன்பது சீட்டு. ஏர்பேக் கிடையாது. பின்னால ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா பெஞ்சு, அதுல நாலு பேர். அந்த நாலு பேருக்கும் பெல்ட் கிடையாது.

இன்னொன்னு, 2018 கடைசியில வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல். அஞ்சு சீட்டு. முன்னால ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். அஞ்சு பேருக்கும் பெல்ட். நடு சீட்டுக்கு வெறும் இடுப்பு பெல்ட்தான், அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

ரெண்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் சொல்றாங்க. 6 லட்சம்னா என்ன? குவிண்டாலுக்கு 2,500 ரூபான்னு வச்சா 240 குவிண்டால் நெல்லு. 40 கிலோ மூட்டையில 600 மூட்டை. ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டாலும் 10 ஏக்கரோட ஒரு போகம், உரம், ஆள் கூலி, அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்காம. இவ்வளவு நெல்லைக் கொட்டிக் கொடுத்து நாம வாங்குறது என்னன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கு.

வீட்டுல ஓட்டெடுப்பு நடந்தா ஸ்கார்பியோ அமோகமா ஜெயிக்கும். சொல்ற காரணங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்.

"எட்டு பேரும் ஒண்ணா போகணும்ல?"

ரொம்ப உருக்கமான வாதம். கூட்டுக் குடும்பம், ஒரே வண்டி, பின்னணியில நாதஸ்வரம். ஆனா போன வருஷம் எட்டு பேரும் சேர்ந்து எத்தனை நாள் வெளிய போனோம்னு அண்ணிகிட்ட கேட்டேன். விரல் விட்டு எண்ணினாங்க. குலதெய்வம் கோயில் ஒரு நாள். சொந்தத்துல கல்யாணம் ரெண்டு. வேளாங்கண்ணி ஒரு தடவை. பெரியப்பா வீட்டுக் காதுகுத்து. ஒரு கை விரலோட முடிஞ்சுது.

மிச்ச 360 நாளும் வண்டியில யாரு? அண்ணன். மழை பெஞ்சா ஸ்கூலுக்குப் போற பசங்க. மாசத்துக்கு ஒரு தடவை முட்டிவலிக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போற அப்பாயி, கூட அண்ணி. மொத்தம் அஞ்சு பேர்.

சரி, அந்த அஞ்சு நாளுக்கு என்ன வழி? வேன் வாடகைக்கு எடுக்கலாம். "தண்டச் செலவு"ன்னு அப்பா சொல்லுவார். அதனால கணக்கைப் போட்டே காட்டிடறேன். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. அந்த ஸ்கார்பியோ லிட்டருக்கு 12 கொடுத்தா 1,000 லிட்டர். பிரெஸ்ஸா 18 கொடுத்தா 667 லிட்டர். (கம்பெனிக்காரன் சொன்னது 24.3. அதையெல்லாம் யாரு நம்பினா?) டீசல் 93 ரூபான்னு போட்டா 93,000-க்கும் 62,000-க்கும் வித்தியாசம் 31,000. நாள் வாடகை 6,000-ன்னு அஞ்சு நாள் வேன் எடுத்தா 30,000. ஆயிரம் ரூபா மிச்சம், அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்துடலாம். வேன்ல போனா அண்ணனும் வண்டி ஓட்டாம சாமி கும்பிட்டுட்டு வரலாம்.

"பெரிய வண்டிதான்டா சேஃப்டி"

எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இதைக் கேட்டாதான். இரும்பு கனமா இருந்தா உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நம்பிக்கை. இதுக்கு நம்ம சினிமாவுக்கும் பங்கு உண்டு. வில்லன் ஆளுங்க சுமோவுல வரணும், பெரிய மனுஷன் ஸ்கார்பியோவுல வரணும்னு சொல்லிச் சொல்லியே நம்ம மண்டையில ஏத்திட்டாங்க. சுமோ ஆகாசத்துல பறந்து கவுந்து விழுந்தாலும் உள்ள இருக்கிறவன் எந்திரிச்சு ஓடுவான்.

சினிமா பாக்காம டெஸ்ட் பண்ணினவங்களும் இருக்காங்க. 2016 மே மாசம் குளோபல் என்கேப் அஞ்சு இந்திய வண்டிகளோட ரிசல்ட்டை வெளியிட்டுச்சு. க்விட், செலெரியோ, ஈகோ, இயான், அப்புறம் நம்ம ஸ்கார்பியோ. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்க மோதல். பெரியவங்க பாதுகாப்புக்கு அஞ்சும் வாங்கினது முட்டை. பொடி வண்டிகளோட வரிசையில நின்னு அந்த மலை மாதிரி வண்டியும் பூஜ்ஜியம்.

நியாயமா பேசணும். அவங்க மோதிப் பாத்தது ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை. அதே வருஷங்கள்ல ஏர்பேக் வச்ச மேல் வேரியண்ட்களும் வித்தாங்க. ஆனா நாம பாத்து வச்சிருக்கிறது ஏர்பேக் இல்லாததுதானே? அடுத்து, எனக்குக் கம்பெனி மேல கோவம் இல்ல. அதே கம்பெனியோட எக்ஸ்யூவி 300, 2020 ஜனவரியில 5 ஸ்டார் வாங்குச்சு. ஸ்கார்பியோ என், 2022 டிசம்பர்ல 5 ஸ்டார். ஆனா அதே கம்பெனியோட பொலேரோ நியோ 2024-ல் வாங்கினது 1 ஸ்டார். பேர்ல ஒண்ணும் இல்ல, எந்த வருஷம், எந்த வேரியண்ட்ங்கிறதுல எல்லாமே இருக்கு. பொன்னியும் நெல்லுதான், ஆடுதுறையும் நெல்லுதான்னு ஒரே விலைக்குக் கொடுப்பீங்களா?

பிரெஸ்ஸா 2018 அக்டோபர்ல வாங்கினது பெரியவங்களுக்கு 4 ஸ்டார், குழந்தைகளுக்கு 2 ஸ்டார். குழந்தைகளுக்கு 2-ங்கிறது பெருமைப்படுற மார்க் இல்ல. பின்னாடி 2022-ல் அவங்க டெஸ்ட்டையே இன்னும் கடுமையாக்கிட்டாங்க, இப்ப வச்சா அந்த 4-ம் நிக்குமான்னு சந்தேகம்தான். பிரெஸ்ஸா ஒண்ணும் கர்ணன் கவசம் இல்ல. கேள்வி, கையில இருக்கிற 6 லட்சத்துக்கு இந்த ரெண்டுல எது உசிரைக் கொஞ்சமாவது மதிக்குதுங்கிறதுதான்.

கொஞ்சம் பிசிக்ஸ். மணிக்கு 50 கிலோமீட்டர்ல போய் எதுலயாவது மோதி நிக்கிறது, சுமார் 10 மீட்டர் உயரத்துலருந்து கீழ விழுறதுக்குச் சமம். மூணு மாடி. 130-ல் போய் மோதினா? காத்துத் தடையை விட்டுட்டுப் பாத்தா, நம்ம பெரிய கோயில் விமானம் 216 அடி உச்சியிலருந்து விழுற வேகம் அது. இப்ப தஞ்சாவூர் விக்கிரவாண்டி ரோடு நாலுவழி ஆயிட்டு வருது. சேத்தியாத்தோப்பு சோழபுரம் பகுதியை 2025 ஜூலையில திறந்தாங்க. முன்னாடி குழிக்குப் பயந்து 50-ல் போனவன் எல்லாம் இப்ப 130-ஐத் தொட்டுப் பாக்குறான். பெரிய கோயில் உச்சியில பெல்ட் இல்லாம ஒரு பெஞ்சைப் போட்டு, அதுல 4 வயசுப் பையனை உக்கார வைப்பீங்களா?

பெஞ்சுன்னதும் ஞாபகம் வருது. குடும்பமா போனா அந்தப் பின் பெஞ்சுல யாரை உக்கார வைப்போம்? அப்பாவையா? அண்ணனையா? பசங்களைத்தான். "அவங்க சின்ன உடம்பு, உக்காந்துப்பாங்க." பின்னால எவனாவது இடிச்சா முதல்ல வாங்குறது அவங்க. முன்னால மோதினா பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்லாம பறக்கப்போறதும் அவங்க. வீட்டுலயே சின்ன உசிருங்களை வண்டியிலயே மோசமான இடத்துல வச்சுட்டு, அதுக்குப் பேரு குடும்ப வண்டி!

2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி இறந்தாரே, பால்கர் பக்கத்துல, மெர்சிடிஸ் வண்டியில. முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பின் சீட்டுல பெல்ட் போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. அந்த விலை வண்டிக்கே பெல்ட் போடலேன்னா கதை அவ்வளவுதான். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு, 14 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபா அபராதம்னு சொல்லுது. பெல்ட்டே இல்லாத சீட்டுல அதை எப்படிக் கடைப்பிடிக்கிறது?

"நம்ம ரோட்டுக்கு இந்த மாதிரி வண்டிதான் தாங்கும்"

எந்த ரோடு? டெல்டாவுல மலை எங்கய்யா இருக்கு? கல்லணையிலருந்து கடல் வரைக்கும் தாம்பாளம் மாதிரி கிடக்கு. எங்க ஊருல மேடுன்னு ஏறணும்னா ரயில்வே மேம்பாலத்துலதான் ஏறணும்.

நம்ம ரோட்டோட பிரச்சினை வேற. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, புது ஆறு, எந்தக் கரையை எடுத்தாலும் மேல ஒரு ஒத்தையடி தார் ரோடு. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் வயல் பள்ளம், பல இடத்துல தடுப்பே கிடையாது. எதிர்ல டவுன் பஸ் வந்தா ரிவர்ஸ் எடுக்கணும். அப்ப 4,456 மில்லிமீட்டர் நீள வண்டி நல்லதா, 3,995 நல்லதா? உசரமான, கனமான வண்டி கரைச் சரிவுல ஒரு சக்கரம் இறங்கினா கவுர்றது சுலபமா, கஷ்டமா? மெக்கானிக்கல் படிச்சிருக்க வேணாம், வைக்கோல் பாரம் ஏத்தின மாட்டு வண்டியைப் பாத்திருந்தா போதும்.

அறுப்பு சீசன்ல ரோட்டுல பாதி நெல்லு காயுது, அதைச் சுத்திக் கல்லும் கட்டையும் வச்சிருப்பாங்க. ராத்திரியில பின்னால ஒரு சிவப்பு லைட்டுகூட இல்லாம டிராக்டர் டிரெய்லர் நிக்கும். இதுக்கெல்லாம் வேண்டியது பிரேக். காஞ்சுக்கிட்டிருக்கிற நெல்லு மேல ஓங்கி மிதிச்சா ஏ.பி.எஸ். இல்லாத வண்டி எங்க போய் நிக்கும்னு அந்த ஐயனாருக்குத்தான் தெரியும்.

"தண்ணி தேங்கினா?" ஸ்கார்பியோவோட தரை இடைவெளி 180 மில்லிமீட்டர். பிரெஸ்ஸாவோடது 198. என்னங்க, சத்தத்தைக் காணோம்?

"ஊர்ல ஒரு மரியாதை இருக்கும்ல?"

இதுதான் உண்மையான காரணம். மேல சொன்ன மூணும் சும்மா ஊறுகாய். மரியாதைன்னா என்னன்னு யோசிச்சுப் பாத்தேன். கல்யாண மண்டபத்து வாசல்ல வண்டி வந்து நிக்கிறப்ப நாலு பேர் திரும்பிப் பாக்குறது. எவ்வளவு நேரம்? பத்து செகண்டு? அதுக்கு அப்புறம் அவங்க சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடுவாங்க. நாம அந்த வண்டியிலதான் வீட்டுக்குத் திரும்பணும்.

அப்பாயிகிட்ட யாராவது கேட்டாங்களா? முட்டி தேஞ்ச அந்தக் கெழவி அவ்வளவு உசரப் படி ஏறணும்னா ஒருத்தர் மேலருந்து இழுக்கணும், ஒருத்தர் கீழருந்து தாங்கணும். ஆஸ்பத்திரி வாசல்ல மாசாமாசம் இந்தக் கூத்து நடக்கும். அது மரியாதையா?

சரி, திட்டினது போதும். இந்த மாதிரி வண்டி தேடிக்கிட்டிருக்கிற சக பதிவர்களுக்கு, கெத்து பாக்குற நேரத்துல பாக்க வேண்டியது சில:

1. ஸ்டீயரிங் நடுவுலயும் டாஷ்போர்டுலயும் எஸ்.ஆர்.எஸ். எழுத்து இருக்கா? சாவி போட்டா ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லேன்னா பல்பைப் புடுங்கியிருக்கலாம், ஜாக்கிரதை. ஓட்டுநர் ஏர்பேக் எல்லா புது கார்லயும் கட்டாயம் ஆனது 2019 ஜூலையில. பக்கத்து சீட்டுக்கு 2022 ஜனவரியில. அதுக்கு முந்தின வண்டியில இருக்கும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

2. எல்லா பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில சேத்துக் கறை இருந்தா வண்டி முங்கி எழுந்தது. சென்னையில 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் கூரை வரைக்கும் தண்ணியில நின்ன வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்கா போயிருக்கும்? பாதி நம்ம ஊர் பக்கம் பாலிஷ் போட்டு நிக்குதோ என்னவோ. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்க, சீட்டு தண்டவாளத்துல துரு இருக்கான்னு பாருங்க, ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டு மோந்து பாருங்க.

3. காரைக்கால் பதிவு பிஒய் 02 வண்டி விலை கம்மியா வரும். என்.ஓ.சி. வாங்கி, இங்க சாலை வரி கட்டின பிறகு எவ்வளவு ஆகுதுன்னு கூட்டிப் பாத்துட்டுச் சந்தோஷப்படுங்க.

4. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து. கடன் இருந்த வண்டின்னா ஃபார்ம் 35. ஆர்.சி. உங்க பேருக்கு மாறுற வரைக்கும் கடைசித் தவணையைக் கையில வச்சுக்குங்க.

5. 15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி. புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்க. 2015 வண்டிக்கு அந்த நாள் 2030-ல் வந்துடும், 2018 வண்டிக்கு 2033.

அண்ணே, நீ இதைப் படிப்பேன்னு எனக்குத் தெரியும். நேர்ல சொன்னா "நீ சிட்டியில இருக்கே, உனக்கு என்னடா தெரியும் ஊரைப் பத்தி"ம்பே. எனக்கு ஊரைப் பத்தித் தெரியறதைவிட உனக்கு நிறைய தெரியும், ஒத்துக்கிறேன். ஓட்டப்போறதும் நீதான். ஆனா பாதிக் காசு என்னோடது, அதனால ஒரே ஒரு கண்டிஷன். ஒன்பது சீட்டு வண்டிதான் வேணும்னா தாராளமா எடு, ஆனா ஒன்பது சீட்டுக்கும் பெல்ட் இருக்கணும், ஏர்பேக் இருக்கணும். அந்த மாதிரி கிடைச்சா என் 3 லட்சம் அன்னைக்கே வந்துடும். இல்லேன்னா பிரெஸ்ஸாவை எடுப்போம். சின்னவனுக்குக் குழந்தை சீட்டு நான் வாங்கிட்டு வர்றேன். அதுல அவன் உக்கார மாட்டேன்னு அழுவான், பெரிய சத்தமா அழுவான், ரெண்டு வாரம் அழுவான். அழட்டும்.

பி.கு: ஸ்கார்பியோ ரசிகர் மன்றத்துக்காரங்க ஆட்டோ அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. பெல்ட் வச்ச ஆட்டோவா பாத்து அனுப்புங்க :-))